“என் மூச்சைப் பற்றி நான் என்னத்தச் சொல்லப் போறேன்?”

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. அம்மாவுக்கு வயது 58. சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறார். கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். இருபது வருடம் முன்பு டிபி வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகியிருக்கிறார். இப்போது சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட மூச்சு முட்டும் நுரையீரல் நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். போன மழைக்காலத்தில் மூச்சு முட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

சென்ற மாதம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கப் போகிறார்களாம். அதை எப்படி அமைப்பது என்று நோயாளிகள் பத்துப் பேரோடு உட்கார்ந்து பேசப் போகிறார்களாம். “நீங்களும் வாங்கம்மா” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மகனுக்கு இதில் விருப்பம் இல்லை. “படிச்ச டாக்டருங்க படிக்காதவங்களக் கேட்டு வைத்தியம் பண்ணுவாங்களா? உன்ன வச்சு சோதனை பண்ணப் போறாங்க” என்கிறார். அம்மாவுக்கும் பயம். நடந்தாலே இரைக்கிறதே, பயிற்சி செய்தால் இருக்கிற நுரையீரலும் போய்விடாதா? போய் ஏதாவது குறை சொன்னால் அப்புறம் அங்கே சரியாகப் பார்ப்பார்களா? ஒரு நாள் பீடிக் கூலி போகுமே? கடைசியில் ஒரு வரி: “மூணு பந்து ஊதுற மிஷின் வீட்டிலேயே இருக்கு, அது போதாதா? என் மூச்சப் பத்தி நான் என்னத்தச் சொல்லப் போறேன்?”

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேலூரில் பிசியோதெரபிஸ்டாக நுரையீரல் நோயாளிகளோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். நீங்கள் போக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். மகனையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதில் பாதி, கேட்டே ஆக வேண்டிய கேள்விதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரைப்பு வந்தால் நுரையீரல் கெடுமா?

முதலில் இந்தப் பயம். உங்களைப் போல வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நடக்கும்போது மூச்சு வாங்குவதால் நுரையீரல் தேயாது. நடப்பதை விட்டுவிட்டால் வேறொன்று நடக்கிறது: தொடையும் காலும் மெலிந்துபோகின்றன. மெலிந்த தசை, அதே வேலைக்கு அதிகக் காற்று கேட்கும். அதனால் முன்பு தெருமுனை வரை போனவருக்குக் கிணற்றடிக்குப் போகவே இரைக்கும். இரைக்கிறதே என்று இன்னும் உட்காருவார். இன்னும் மெலிவார். உங்கள் மூச்சுத் திணறலில் ஒரு பங்கு நுரையீரலில் இருக்கிறது, ஒரு பங்கு காலில் இருக்கிறது. நுரையீரலில் போனதை எந்தப் பயிற்சியும் திருப்பித் தராது, அதை மறைக்க மாட்டேன். காலில் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று 65 ஆய்வுகளை, 3,800க்கும் அதிகமான சி.ஓ.பி.டி. நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. பயிற்சி எடுத்தவர்களுக்கு இரைப்பும் அசதியும் குறைந்தன, நடக்கும் தூரம் கூடியது. இது பலன் தருமா என்று இனியும் சோதிக்கத் தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு அது உறுதியாக இருந்தது. டிபி வந்துபோனவர்களுக்கும் பலன் உண்டு. என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அந்த மூன்று பந்து மிஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஊதுவதற்கு இல்லை அம்மா, உறிஞ்சி இழுப்பதற்கு. ஆபரேஷன் ஆனவர்களுக்கு, படுக்கையில் கிடப்பவர்களுக்கு அது உதவும். சி.ஓ.பி.டி.யில் பழைய காற்று வெளியே போக முடியாமல் உள்ளே தேங்குவதுதான் சிக்கல். அதனால் பந்தை மேலே ஏற்றுவதைவிட, மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடுவது உங்களுக்கு உதவும். மிஷினைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் ‘அது போதாதா’ என்று கேட்டால், போதாது. உங்களுக்கு வேண்டியது நடை, உட்கார்ந்து எழுவது, கைக்கு எடை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம்.

அப்படியானால் உங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதை நீங்கள் எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் முன்னால், எந்த உடையில் செய்வீர்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் உடைகின்றன. முதல் வாரம் பதினைந்து பேர் வருவார்கள், நான்காவது வாரம் நான்கு பேர் இருப்பார்கள். ‘நோயாளிக்கு அக்கறை இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவோம்.

நானும் அப்படி எழுதியவன்தான். பல வருடங்களுக்கு முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், ‘காலை மாலை 20 நிமிடம் நடக்கவும்’ என்று அச்சடித்த தாளை எல்லோருக்கும் கொடுப்பேன். பேரணாம்பட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் ஒரு மாதம் கழித்து வந்தார். ஒரு நாள்கூட நடக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார்: “சும்மா கைய வீசிக்கிட்டு நடந்தா தெருவே கேக்குதுங்க, எங்க போற எங்க போறன்னு. பதில் சொல்லவே மூச்சு வாங்குது. கையில ஒரு தூக்கு குடுத்தீங்கன்னா நடப்பேன். பால் வாங்கப் போறேன்னு இருப்பாங்க.” அவர் கேட்டது அவ்வளவுதான், ஒரு காலித் தூக்கு. பிறகு பால் சொசைட்டி வரைக்கும் போய்வந்தார். இரண்டாவது மாதம் நடைச் சோதனையில் முன்பைவிட 40 மீட்டர் கூடுதலாக நடந்தார். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று பார்க்கும் சோதனை அது. 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்று கணக்கு. அந்தத் தூக்கை யோசிக்க என் படிப்பால் முடியவில்லை. அவரிடம் முன்பே கேட்டிருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்காது.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. டாக்டர் மேரி வர்கீஸ் பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல், வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை இங்கே தலைமையேற்று நடத்தினார். 1966இல் இங்கே தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. நோயாளியாக நாற்காலியில் இருந்த ஒருவர்தான், மற்ற நோயாளிகளுக்கு என்ன தேவை என்று இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நீங்கள் மட்டுமே சொல்லக்கூடியவை

‘என்னத்தச் சொல்லப் போறேன்’ என்று கேட்டீர்களே, உங்கள் கடிதத்திலேயே நிறைய இருக்கிறது.

முறத்தை மடியில் வைத்துக் குனிந்து நான்கு மணி நேரம் உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி மடங்கி உட்கார்ந்தால் வயிறு அழுந்தி, மூச்சுக்கு இடமே குறைகிறது. ஆஸ்பத்திரியில் ‘தினம் மூன்று வேளை பயிற்சி’ என்பார்கள். உங்கள் நாள் வேளைக் கணக்கில் ஓடவில்லை, கட்டுக் கணக்கில் ஓடுகிறது. ‘இத்தனை கட்டு முடிந்ததும் எழுந்து ஐந்து தடவை உட்கார்ந்து எழட்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்துதான் வரும், அங்கே இருக்கும் ஒருவருக்கும் தோன்றாது. வீட்டில் நாற்காலி இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். திண்ணை உயரம் என்ன என்று கேட்டு அதற்கு ஏற்பச் சொல்லித்தருவார்கள்.

நடப்பதைவிடத் துணி காயப்போடும்போதும் குடம் தூக்கும்போதும் அதிகமாக இரைக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்குக் கழுத்து, தோள் தசைகளும் மூச்சு இழுக்க உதவிக்கு வந்துவிடுகின்றன. கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது அந்தத் தசைகளுக்கு இரண்டு வேலை. ஆகவே ‘எனக்குக் கைப்பயிற்சி வேண்டும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கலாமா?’ என்று கேளுங்கள். சைக்கிள் மிதிக்க வைத்து அனுப்பிவிட்டால் உங்கள் குடம் அங்கேயே இருக்கும்.

அப்புறம், நேரம். மே மாதம் நம் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். காலை பதினொரு மணிக்கு வகுப்பு வைத்தால், பஸ் இறங்கி வரும் வெயிலிலேயே பாதி மூச்சு போய்விடும். பயிற்சி செய்ய எது மிச்சம்? குடிதண்ணீர் வரும் நாள், ரேஷன் போடும் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வாரம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்தத் திருவிழா நடக்கும் வைகாசி முதல் தேதியன்று குடியாத்தத்தில் வகுப்பு வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள் என்று வெளியூரிலிருந்து வந்த டாக்டருக்குத் தெரியாது.

இன்னொன்று, கடிதத்தில் பேத்தி எழுதத் தயங்கி, ‘இருமினால் கொஞ்சம் சங்கடம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள். எனக்குப் புரிகிறது. பல வருட இருமலில் சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தசை தளர்ந்து, இருமும்போதும் எழும்போதும் சிறுநீர் கசிவது பெண்களுக்கு மிகவும் சகஜம். ஆண்களும் இருக்கும் அறையில் குனிந்து எழச் சொன்னால், இதற்குப் பயந்தே மறுவாரம் வர மாட்டார்கள். காரணத்தை ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். கூட்டத்தில் சொல்ல வேண்டாம், அங்கே இருக்கும் பெண் ஊழியரிடம் தனியாகச் சொல்லுங்கள். இதற்கும் தனிப் பயிற்சி இருக்கிறது. பெண்களுக்குத் தனி நேரம், பக்கத்திலேயே கழிப்பறை, புடவையோடு செய்யக்கூடிய பயிற்சி: இந்த மூன்றையும் நீங்கள் கேட்டு வாங்கினால், உங்களுக்குப் பின்னால் வரும் எத்தனையோ பெண்களுக்கு வழி பிறக்கும்.

இரைப்பை அளக்க 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் காட்டுவார்கள். பயிற்சியின்போது 4 முதல் 6 வரை இருக்கலாம் என்பார்கள். எண் பிடிபடவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ‘ஒரு வரி பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை’ என்றால் அது சரியான அளவு. ‘இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை’ என்றால் நிறுத்த வேண்டும். இப்படிச் சொல்லுங்கள், அவர்கள் எண்ணாக மாற்றிக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போடும் முன்

இப்போது மகனுடைய கேள்வி. திட்டத்தை அமைக்க ஆலோசனை சொல்வது வேறு. ஆராய்ச்சியில் ஆளாகச் சேர்வது வேறு. சில சமயம் இரண்டும் ஒரே அறையில் நடக்கும். ஆகவே நேராகக் கேளுங்கள்: “இது ஆலோசனைக் கூட்டமா, ஆராய்ச்சியா?” ஆராய்ச்சி என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் அதற்கு முறை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஆராய்ச்சியில் சேர்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். விவரத் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில், தமிழில், இருக்க வேண்டும். படிக்க முடியாதவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் உங்கள் வழக்கமான சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. பஸ் செலவையும் அன்றைய கூலி இழப்பையும் ஈடுகட்டுவதற்கு அந்த நெறிமுறை இடம் தருகிறது. அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோருக்கும் அன்றைக்குச் சம்பளம் உண்டு.

தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பேத்தியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுமுறை கையெழுத்துப் போடலாம். ‘இப்பவே போடுங்க’ என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள். போட்டோ, வீடியோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டிபி வந்ததைப் பக்கத்து ஊர்க்காரர் முன்னால் சொல்ல விருப்பம் இல்லையென்றால் கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

குறை சொன்னால் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்று கேட்டீர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், விவரம் கேட்பதும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதும், குறை சொல்லித் தீர்வு கேட்பதும் உரிமைகளாகவே இருக்கின்றன. சரி, தாளில் இருப்பது எல்லாம் நடந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் தொழிலில் கேள்வி கேட்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதனால் ஒரு வழி சொல்கிறேன். ‘நீங்க செய்றது தப்பு’ என்று தொடங்காமல், ‘எங்க வீட்டில இது முடியாதுங்க, இப்படின்னா முடியும்’ என்று சொல்லுங்கள். இரண்டாவது கூட்டத்தில் கவனியுங்கள். ‘போன தடவை நீங்கள் சொன்னீர்கள், அதனால் நேரத்தை மாற்றினோம்’ என்று ஒரு விஷயமாவது வந்தால், உண்மையாகவே கேட்கிறார்கள். மாற்ற முடியாததற்குக் காரணம் சொன்னாலும் சரி. இரண்டு கூட்டத்திலும் டீ, பிஸ்கட், போட்டோவோடு முடிந்தால் மூன்றாவதற்குப் போகாதீர்கள். பயிற்சியில் மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் விருப்பத்துக்கு விட முடியாதவை

எல்லாவற்றையும் நோயாளியே முடிவு செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. விரலில் மாட்டும் கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தி உட்கார வைப்பார்கள். ‘எனக்கு ஒண்ணுமில்ல, நடக்கிறேன்’ என்று அடம்பிடிக்காதீர்கள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், படபடப்பு வந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பு, மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால், உடனடி நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ‘பழக்கமாயிடும்’ என்று இன்ஹேலரை ஒளித்து வைத்திருப்பதாகப் பேத்தி ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாள். அது போதை மருந்து இல்லை அம்மா, பழக்கமாகாது. எடுக்காமல் விட்டதுதான் போன மழையில் உங்களைப் படுக்க வைத்ததில் ஒரு காரணமாக இருக்கலாம்.

முக்கியமாக ஒன்று: மூன்று வாரமாகச் சளி அதிகம், சாயங்காலம் உடம்பு சுடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை டிபி வந்தவருக்கு மறுபடி வரலாம். கூட்டத்துக்குப் போகும் முன், இந்த வாரமே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். முடிவு வரும்வரை பத்துப் பேர் உட்காரும் அறைக்குள் போக வேண்டாம். முடிவு தெரிந்ததும் வருகிறேன் என்று போனில் சொல்லிவிடுங்கள், காத்திருப்பார்கள்.

பஸ்ஸில் வாரம் மூன்று தடவை வர முடியவே முடியாது என்றால் அதையும் கூட்டத்தில் வையுங்கள். முதல் சில வகுப்பு அங்கே, மீதி வீட்டில், வாரம் ஒரு போன் என்று அமைக்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

போகும் நாளில் இன்ஹேலர், பழைய டிஸ்சார்ஜ் தாள், டிபி சிகிச்சை எடுத்த அட்டை இருந்தால் அது, மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன் ஒரு வாரம், எந்த வேலை செய்யும்போது எத்தனை மணிக்கு மூச்சு முட்டியது என்று அவளைக் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது அதை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.